துளசிக் கட்டைப் பேனா

நாகேஸ்வரனின் வாழ்நாள் உடையக்கூடிய பொருள்களின் நடுவிலேயே கழிந்தது. சாலைக் கடைத்தெருவில், பாத்திரக் கடைகளுக்கும் வெங்காய மண்டிகளுக்கும் இடையே ஒடுங்கி நின்ற ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் அமர்ந்து, வில்லைகளைச் சாணையில் விளிம்பு தேய்த்து, சட்டத்துக்குள் இருத்தித் திருகாணியை முடுக்குவது அவருடைய தொழில். முடுக்கு சற்றே மிகுந்தால் வில்லையின் ஓரத்தில் மீன்செதிள் அளவு ஒரு சில்லு பெயர்ந்துவிடும். சற்றே குறைந்தால், வாங்கிப் போனவர் கரமனை போகும் பேருந்தில் ஏறிக் குனியும்போது வில்லை மடியில் விழும். இந்த இரண்டுக்கும் இடையே ஓர் இடம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கே தெரியும். அந்த இடத்தில் கை நிற்கப் பழகிய மனிதர் அவர். முன்கட்டில் அமர்ந்து பேசி விற்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பின்கட்டில் அவர் மாறவில்லை. கடைசியில் வில்லை வெட்ட ஓர் எந்திரம் வந்தது. அதன் மீது அவருக்குக் கோபம் ஏதும் வரவில்லை. வயதும் ஆகியிருந்தது. தம் சிறிய திருப்புளியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு கரமனை அக்கிரகாரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கிணற்றடியை ஒட்டி, முன்பு மாவரைக்கும் கல் கிடந்த அறையில் ஒரு சிறிய லேத்தை வாங்கி நிறுத்தினார். மரத்தில் பேனா கடையும் வித்தையைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டார். புளியங்கட்டை, பலாவின் வைரம், தேங்காய்ச் சிரட்டையைத் துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்த கட்டை என்று எதைக் கண்டாலும் அதற்குள் ஒரு பேனா ஒளிந்திருப்பதாக அவருக்குத் தோன்றத் தொடங்கியது.

"ஆத்துல இருக்கறது ரெண்டு பேர். பேனா மட்டும் ஒரு பெட்டி நெறய. எழுதறதுக்கு ஒரு குமாஸ்தாவையும் சேத்துக் கடஞ்சு எடுத்துடுங்கோளேன்" என்பாள் அவர் மனைவி லலிதாம்பாள்.

"குமாஸ்தாதான் நீ இருக்கியே."

"ஓ! அப்போ சம்பளத்தை எப்போ தரதா உத்தேசம்?"

கேலி செய்தாலும் அந்தப் பேனாக்களை எடுத்து எழுதியவள் அவள் ஒருத்திதான். தெருவுக்குள் வெள்ளிதோறும் கூடிப் பாடும் மாமிகளில் பாதிப் பேருக்குக் கண் மங்கிவிட்டது. அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து பிடிபடுவதில்லை. ஆகவே பாட வேண்டிய பதிகங்களைப் பெரிய பெரிய எழுத்தாகத் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுப்பது லலிதாம்பாளின் வேலையாயிற்று. அவளுடைய எழுத்து உருண்டு திரண்டு, மேலே கொம்பு வளைந்து, கோயில் மடைப்பள்ளியில் அடுக்கிய பாத்திரங்கள் போல வரிசை பிசகாமல் இருக்கும். நாகேஸ்வரன் பிறருக்குக் கண்ணாடி கோத்தார். கண்ணாடி போட்டும் தெரியாதவர்களுக்கு அவள் எழுதினாள். அவர்கள் இல்லறத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஒரே மகள் ஸ்மிதா மெல்பர்னில் இருந்தாள்.

விஷு கழிந்த சில நாள்களில், பூத்தொடுத்துக்கொண்டிருந்த லலிதாம்பாளின் வலக்கையிலிருந்து நார் நழுவியது. எடுத்துக் கொடுத்தார், மறுபடியும் நழுவியது. என்னவென்று கேட்டதற்கு அவள் சொன்ன விடை எந்த மொழியிலும் சேராத ஒலியாக இருந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது கால் நடக்கப் பழகியிருந்தது. வலக்கையும் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. சொற்கள்தாம் வரவில்லை, அவற்றோடு எழுத்தும் போயிருந்தது. அவள் கையால் எழுதிய தாளையே அவள் முன் நீட்டினால், யாரோ அயல்நாட்டார் விட்டுப்போன பொருளைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். ஸ்மிதா ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து "அம்மா, அம்மா" என்பாள். லலிதாம்பாள் கைப்பேசியைப் பணிவோடு வாங்கி, பணிவோடு கணவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஜெஸி என்ற பெண் அமர்ந்தாள். பாறசாலைக்காரி. பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, எதையும் மறைக்காமல் பேசுகிறவள்.

"அங்கிள், ஆண்ட்டிக்குப் பிடிக்கதுக்குக் கொஞ்சம் தடிச்ச பேனா வேணும். கனம் இருக்கப்பிடாது. சிலபேருக்கு வாய் தொறக்கதுக்கு முந்தி கை தொறக்கும். சிலபேருக்குத்தான், கேட்டீங்களா. எல்லாருக்கும் இல்ல."

நாகேஸ்வரனின் காது, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. வாய்க்கு முன்னே கை திறக்கும். அந்தச் சொல்லை அவர் மந்திரம் போல உருப்போட்டார். பெட்டியில் இருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியின் கையில் வைத்தார். அவள் ஒவ்வொன்றையும் உருட்டிக் கீழே விட்டாள். கடையில் வாங்கிய, ரப்பர் பிடி போட்ட தடிப் பேனாவை வீசியே எறிந்தாள்.

அவள் விடாமல் பற்றிய பொருள் ஒன்று இருந்தது. முற்றத்துத் துளசி மாடத்தில், அவள் நெடுங்காலம் நீர் வார்த்து வலம் வந்த செடி, அவர்கள் மருத்துவமனையில் கிடந்த நாள்களில் கருகிப் போயிருந்தது. இலை உதிர்ந்து, ஆளின் மார்பளவுக்கு வெறும் தண்டாக நின்றது. காலையில் நடை பழக்க அழைத்துச் செல்லும்போது லலிதாம்பாள் அதனருகே வந்ததும் நின்று, கட்டைவிரலினும் பருத்த அந்த அடித்தண்டைப் பிடித்துக்கொள்வாள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக மடங்கும். எவ்வளவு அழைத்தாலும் எளிதில் விடமாட்டாள்.

அந்தப் பிடியைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒரு காலையில் நாகேஸ்வரன் உள்ளத்தில் அந்த எண்ணம் விழுந்தது. இந்தத் தண்டிலேயே ஒரு பேனா கடைவது. விஜயதசமி அன்று, குழந்தைகளுக்குச் செய்வது போல அரிசியில் விரலால் எழுதுவித்த கையோடு, அதை அவள் கையில் கொடுப்பது. எண்ணம் அதோடு நின்றிருக்கலாம். அவர் அதன்மேல் ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்: கட்டை விரிசல் விழாமல் பேனாவாகி வந்தால் இவள் எழுதுவாள், விழுந்தால் இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. பூஜை அறையில் இருந்த சரஸ்வதி படத்தின் முன் நின்று மனத்துக்குள் மட்டும் சொன்னார்.

லலிதாம்பாளின் தங்கை விஜயம் அதே தெருவில் இருப்பவள். நாளும் வந்து சமையலுக்குக் கைகொடுத்துப் போகிறவள். ரம்பத்தோடு மாடத்தருகே நின்ற அத்திம்பேரைக் கண்டதும் அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"துளசியை லேத்துல போட்டுச் சுத்தப் போறேளா? கேக்கறச்சயே எனக்கு என்னமோ பண்றது."

"காஞ்ச கட்டைதானே விஜயம். ஜபமாலைக்கு மணி கடையறதும் இதுலதான்."

"மணி கடையறவா ஸ்நானம் பண்ணிட்டுக் கடைவா."

"நானும் ஸ்நானம் பண்ணிட்டுத்தான் கடைவேன்."

"அக்காவுக்கு மாத்திரை குடுக்கறது மறந்து போறது. இதுக்கு மட்டும் ஸ்நானம் மறக்காதாக்கும்!"

அவர் ரம்பத்தை வைத்து, தண்டு கிளை பிரியும் இடத்துக்குக் கீழே, முடிச்சில்லாத பகுதியை அறுத்தெடுத்தார். ஒரு பேனாவுக்குப் போதுமான நீளம்தான் அதில் தேறியது. மேலே எல்லாம் கணு. கீழே எல்லாம் சொத்தை.

கையால் செய்யும் பேனா எங்கே உடையும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கட்டையை நீளவாட்டில் துளைத்து, உள்ளே ஒரு பித்தளைக் குழலைப் பசையிட்டு இறக்கி, பிறகு வெளிப்புறத்தை லேத்தில் கடைந்து மெலிதாக்க வேண்டும். அதுவரை எல்லாம் நன்றாகவே நடக்கும். மெருகும் ஏறிவிடும். இனி எழுதுமுனையைத் தாங்கும் முனைக் கூம்பை அந்தக் குழலுக்குள் அழுத்தி ஏற்றுவது ஒன்றே பாக்கி. திருகு கிடையாது; இறுக்கம் ஒன்றாலேதான் அது நிற்கும். அந்த இறுக்கத்தில் பித்தளை மயிரிழை விரியும். பித்தளை பொறுத்துக்கொள்ளும். அதைப் போர்த்தியிருக்கும் மரம், வளையத் தெரிந்த மரமானால் பொறுக்கும். சிரட்டை, எலும்பு, காய்ந்த தண்டு போன்றவை பொறுக்கமாட்டா. நகம் கடித்தாற்போல 'டிக்' என்று ஓர் ஒலி கேட்கும். உழைப்பு முழுவதும் முடிந்த பிறகு, கடைசி வேலையில்தான் அது கேட்கும்.

துளசித் தண்டோ வறுத்த அப்பளத்தைப் போல இருந்தது. நடுவே நெட்டி; அந்த நெட்டியிலிருந்து விளிம்பு நோக்கிக் கண்ணுக்கு எட்டாத வெடிப்புகள். அவர் அவசரப்படவில்லை. இரு முனைகளிலும் மெழுகு பூசி, தினத்தாளில் சுற்றி, வெயில் படாத பரண்மேல் வைத்தார். முனைகள் முந்திக் காய்ந்தால் அங்கேதான் முதலில் பிளக்கும் என்பதற்காக மெழுகு. ஆனால் அந்த ஆண்டு வானம் ஓயவே இல்லை. கர்க்கடக மாதத்து மழை, அடுத்த மாதங்களான சிங்கத்திலும் கன்னியிலும் வழிந்து வந்தது. பரணில் கைவைத்தால் பலகையே குளிர்ந்தது. வாரம் தவறாமல் கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரம் இருக்கும். திரும்ப வைத்துவிடுவார். இதற்கிடையே ஜெஸி வந்து வந்து போனாள். ஒருநாள் லலிதாம்பாள் "அது" என்றாள். வீடே நின்று கேட்டது. அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அவள் "அது" என்றாள், சோற்றுக்கும் மழைக்கும் விஜயத்துக்கும்.

நவராத்திரி பிறந்து, பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி விக்கிரகம் ஊர்வலமாக எழுந்தருளி, கோட்டைக்குள் கச்சேரிகள் தொடங்கியபோதுதான் கட்டை கன்னத்துக்குச் சூடாகப் பட்டது. அவர் குளித்து, திருநீறிட்டு, வேலையைத் தொடங்கினார். நீர் போன்ற ஒட்டுப்பசையைச் சொட்டுச் சொட்டாக வெடிப்புகளுக்கு ஊட்டினார். அது குடித்துக்கொண்டே இருந்தது. கட்டை முழுவதையும் நூலால் இறுகச் சுற்றினார். துளைக்கும்போது விரலகலம் போய், வெளியே இழுத்து, தூளை ஊதி, கட்டை ஆறியபின் மறுபடி விரலகலம் போனார். துளை மறுமுனையைக் கிழித்துக்கொண்டு வெளிவராதபடி அங்கே கூடுதலாக விட்டுவைத்திருந்த பகுதியைப் பிறகு அறுத்து நீக்கினார். துளையைக் குழலைவிட இம்மியளவு அகலமாகவே போட்டிருந்தார். இடையில் நிற்கும் பசை மெத்தைபோல நின்று அதிர்ச்சியைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. எல்லாம் முடிந்து நூலை அவிழ்த்தபோது தண்டு முழுசாக இருந்தது. நெட்டி இருந்த இடம் துளையாகி, வெடிப்புகளின் வேரே போய்விட்டிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாய் தன்னையறியாமல் எதையோ முணுமுணுத்துப் பாடியது.

குழலைப் பசையிட்டு இறக்க வேண்டிய நாள் அஷ்டமியாக வந்து வாய்த்தது. அன்று மாலை விளக்கு வைத்ததும் பூஜை வைப்பு. படிப்பவர் ஏட்டையும் தொழில் செய்பவர் கருவியையும் அம்பாள் முன் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை தொடக் கூடாது. எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. காலையிலேயே வேலையை முடித்துவிட நினைத்திருந்தார். பிற்பகல்வரை மழை அடித்தது. அந்த ஈரக்காற்றில் பசையைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. மழை சற்றே வெளிவாங்கியபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது.

கலந்தால் இறுகும் இரு பசைகளைப் பிழிந்து கலந்தார். குழலுக்குள் பசை நுழையாதிருக்க அதன் வாயை மாவால் அடைப்பது அவர் வழக்கம். அடுக்களையில் விஜயம் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு கிள்ளு எடுத்து அடைத்து, குழலைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே இறக்கினார்.

"அத்திம்பேர், ஆயுதமெல்லாம் கொண்டாங்கோ! அந்தி ஆயாச்சு" என்று விஜயம் குரல் கொடுத்தாள்.

உளிகள், வட்ட அரம், ரம்பம், கடையிலிருந்து வந்த சிறிய திருப்புளி எல்லாவற்றையும் துடைத்துப் பலகைமேல் அடுக்கினார். சந்தனமும் பூவும் வைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. லலிதாம்பாள் கைகூப்பச் சொன்னபோது கூப்பினாள்.

பின்பு பட்டறைக்குப் போய்ப் பார்த்தவர் அடைப்பை நோண்டி எடுத்தார். மாவு வழுவழுவென்று வெளியே வந்தது. பூரிக்காக எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவு. அது குழலைக் கவ்வவே இல்லை. அதன் ஓரமாகப் பசை நழுவி உட்சுவரில் படிந்திருந்தது. உள்ளே இறுகும் பசைத்தோல், முனைக் கூம்பு ஏறும்போது அதன் பருமனைக் கூட்டிவிடும்; விரிசலுக்கு அதைவிட நேரான வழி வேறில்லை. பாகு சுண்டும் பதத்தில், இன்னும் சிறிது நேரத்தில், வட்ட அரத்தை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் அப்படியே சுருண்டு வந்துவிடும். இறுகிவிட்டால் கண்ணாடிதான்.

அரம் அம்பாளின் முன்னே சந்தனப் பொட்டோடு கிடந்தது.

"என்ன, எலி மாதிரி அங்கயே சுத்திச் சுத்தி வரேள்? பலகாரத்துக்கு இன்னும் நாழி இருக்கு" என்றாள் விஜயம்.

"ஒண்ணுமில்லே."

"ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது?"

அவர் கை ஒருமுறை நீண்டது. அம்பாளிடமே வரம் கேட்டுவிட்டு அவள் மடியிலிருந்தே அரத்தை எடுப்பதா? துடைப்பத்தில் ஓர் ஈர்க்கை உருவிச் சுரண்டலாமே என்றும் தோன்றியது. ஆனால் வேலை என்று இறங்கிய பிறகு ஈர்க்கு என்ன, அரம் என்ன? தாம் போட்ட நிபந்தனையை விதி மீறாமல் நிறைவேற்றினால்தான் அது பலிக்கும். கையை மடக்கிக்கொண்டார். அன்றும் மறுநாளும், நவமி முழுவதும், பட்டறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். உள்ளே பசை இறுகுவது அவருக்குத் தம் உடம்புக்குள் நடப்பது போலத் தெரிந்தது.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்ததும், அரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். விஜயம் அக்காவுக்குத் தலைவாரிப் பட்டுக் கட்டி, தாம்பாளத்தில் அரிசி பரப்பினாள். அவரோ கட்டையை லேத்தில் ஏற்றி, உளியைக் கூர்தீட்டி, மேல் தோலைச் சீவினார். அறை முழுவதும் துளசி மணத்தது. இழை இழையாகச் சுருள் பறந்தது. வெளிர் காவி நிறத்தில், கருத்த நரம்புகள் ஓட, வடிவான ஒரு பேனாவின் உடல் வெளிப்பட்டது. இத்தனை அழகான ஒன்றைத் தம் கை இதுவரை கடைந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. சூடேறாதபடி நிறுத்தி நிறுத்தி மெருகேற்றினார். ஒரு கீறலும் இல்லை.

பிறகு அரத்தைக் குழலுக்குள் விட்டுச் சுரண்டத் தொடங்கினார். பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது. சாளரத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பித்தளை பளபளத்தது, சற்று உள்ளே ஓரிடம் தவிர. அங்கே மங்கலாக ஒரு திட்டு. மறுபடி சுரண்டினார். மறுபடி பார்த்தார். இருந்தது.

"அத்திம்பேர்! அக்கா எத்தனை நாழி இப்படியே ஒக்காந்திருப்பா? இடுப்பு வலிக்கறது போல இருக்கு, சரிஞ்சு சரிஞ்சு போறா" என்று விஜயம் வாசற்படியில் வந்து நின்றாள். "முகூர்த்தமும் போயிண்டிருக்கு."

"இதோ, ஆச்சு."

"இதோங்கறதை விடிஞ்சதுலேர்ந்து கேட்டாச்சு."

ஒரு திட்டுத்தானே, பசை மெத்தை தாங்கிக்கொள்ளும் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வாழ்நாளில் எந்தத் திருகாணியிலும் சொல்லாத சொல் அது. வைஸ் இடுக்கியின் தாடைகளுக்கு மரத்துண்டு வைத்து, பேனாவின் உடலையும் முனைக் கூம்பையும் நேராகப் பொருத்தி, கைப்பிடியைச் சிறிது திருப்பினார். பொறுத்தார். இன்னும் சிறிது. கூம்பு வழுக்கிக்கொண்டு ஏறியது. இன்னும் சிறிது. திட்டு இருந்த இடத்தில் கூம்பு தடுக்கியதை விரல் உணர்ந்தது. நிறுத்த வேண்டிய இடம் அதுதான் என்பதையும் உணர்ந்தது. கூம்பும் உடலும் சேர்வதற்கு நெல்மணி அளவே பாக்கி இருந்தது.

டிக்.

பேனாவின் வாயிலிருந்து உடலின் நடுவரை மயிர்போல ஒரு கோடு ஓடியிருந்தது.

அவர் அழவில்லை. கண்ணாடிக் கடையில் சில்லுப் பெயர்ந்த வில்லையைப் பார்ப்பது போலவே பார்த்தார். பிறகு கைகள் தாமாகவே நடந்துகொண்டன. துளசித் தூளைக் கோட்டில் நிரப்பி, நீர்ப்பசையை ஒரு சொட்டு ஓடவிட்டு, காய்ந்ததும் தேய்த்து மெருகிட்டன. கருத்த நரம்புகளோடு அதுவும் ஒரு நரம்பாய்ப் போயிற்று. தேவிக்கும் தமக்கும் இடையே இருந்த வழக்கில் சான்றை மறைத்தவர் போல, அவர் நிமிர்ந்து பாராமல் கூடத்துக்கு வந்தார்.

விஜயம் அக்காவின் விரலைப் பிடித்து அரிசியில் ஹரிஸ்ரீ எழுதுவித்தாள். லலிதாம்பாளின் விரல் இழுத்த வழியே போயிற்று. பிறகு முன்னால் பலகையும் வெள்ளைத் தாளும் வந்தன. நாகேஸ்வரன் பேனாவை நீட்டினார்.

அவள் வாங்கினாள். வீசி எறியவில்லை. முகர்ந்து பார்த்தாள். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும், பழைய நாள்களில் எப்படிக் கூடுமோ அப்படியே கூடின. மணிக்கட்டு தாளின்மேல் அமர்ந்தது. முனை தாளைத் தொட்டது. ஒரு கோடு இழுத்தது. அதே கோட்டின்மேல் திரும்பி வந்தது. மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. தாள் நைந்து கிழியும்வரை அந்த ஒரே கோடு. பிறகு அவள் நிமிர்ந்து, புதிதாக ஒரு கூட்டுச் செய்து பரிமாறிவிட்டு உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிறவள் போலக் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"எழுதிட்டா! எழுதிட்டா அத்திம்பேர்!" விஜயத்தின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. "இது ஹகாரத்தோட ஆரம்பம்தானே? இப்படித்தானே மேலேர்ந்து கீழே இழுப்பா?"

எந்த எழுத்தின் ஆரம்பமும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

"ஆமாம்" என்றார்.

அடுத்த முறை ஜெஸி வந்தபோது மழை பிடித்திருந்தது. தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே வந்தாள். பேனாவைக் கண்டு மகிழ்ந்து, வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிடித்துப் பிடித்து வியர்வை ஏறியதில் மறைத்த கோடு மறுபடி வாய் திறந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. லலிதாம்பாளின் முன் தாளை வைத்தாள். அதே கோடு, அதே போக்கும் வரவும். எழுத்துகளைக் காட்டினாள், படங்களைக் காட்டினாள், நெடுநேரம் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, மெழுகிட்ட சில அட்டைகளை எடுத்துப் பலகைமேல் பரப்பினாள். ஒரு குவளை, ஒரு தட்டு, ஒரு கட்டில், ஒரு கழிப்பறை.

"அங்கிள், ஒண்ணு சொல்லணும். விரலுக்குப் பிடிக்கத் தெரியுது. அது பழைய பழக்கம். எழுத்து உள்ள இல்ல. இனி எழுதப் பழக்காண்டாம். ஆண்ட்டிக்கு அது கஷ்டமாக்கும், ஒங்களுக்கும் கஷ்டம். இந்தப் படத்தத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். தாகம் எடுத்தா குவளை. அது போதும்."

நாகேஸ்வரன் அட்டைகளைப் பார்த்தார்.

"பேனா பொட்டிடுத்து ஜெஸி."

"எவிடே? எழுதுதே அங்கிள்."

"இல்லே. கோக்கறச்சே பொட்டிடுத்து. நான் பூசி மறைச்சேன். விரிசல் விழாம வந்திருந்தா அவ எழுதியிருப்பா."

ஜெஸி அவரைப் பார்த்தாள். பிறகு, ஆறுதல் சொல்வதாகவே நினைத்துச் சொன்னாள்: "அங்கிள், பேனாவுக்கும் இதுக்கும் ஒரு பெந்தமும் இல்ல. நீங்க ஏன் அதப் போட்டு மனசுல வச்சுக்கிடுதீங்க? தங்கத்துல செஞ்சு குடுத்தாலும் இவ்வளவுதான்."

அவர் அந்தச் சொல்லை ஏற்க மறுத்தார். பிழை பேனாவில் இருந்தால் பிழைக்கு ஒரு காரணம் இருக்கிறது. எண்ணெய் விட்ட மாவு இருக்கிறது, இறுகிய பசை இருக்கிறது, சுரண்டாமல் விட்ட திட்டு இருக்கிறது. அது தம் கையால் விளைந்த கேடு. தம் கையால் விலக்கக்கூடியதாயும் இருந்த கேடு. பேனாவில் பிழை இல்லையென்றால் எங்கே போய் எதைச் சுரண்டுவது?

"நீ கேளு" என்றார். "குழலுக்குள்ள பசை போயிடுத்துன்னா அப்பவே எடுத்துடணும். பாகு மாதிரி இருக்கறச்சயே. அதுக்குத்தான் மாவு வச்சு அடைக்கறது. நான் அடைச்சேன். ஆனா அது பூரி மாவு. எண்ணெய்ப் பசை இருக்கு, பிடிக்கலை..."

தெருமுனையில் ஆட்டோ ஒலியெழுப்பியது. ஜெஸி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடையில்லாத தலைமேல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசல்வரை நின்று நின்று கேட்டாள். அவரும் கூடவே நடந்து சொல்லிக்கொண்டு வந்தார்: துளை இம்மியளவு அகலமாக இருக்க வேண்டியதை, கட்டை சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதை, கூம்பை நேராக நிறுத்த வேண்டியதை. ஆட்டோ மறுபடியும் ஒலித்தது.

"செரி அங்கிள், வெள்ளிக்கிழமை வரட்டா? படத்த மறக்காம காட்டுங்க" என்று அவள் மழைக்குள் இறங்கி ஓடினாள்.

அவர் திரும்பிக் கூடத்துக்கு வந்தார். விஜயம் அடுக்களையில் இருந்தாள். லலிதாம்பாள் குவளைப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வலக்கையில் பேனாவோடு நாற்காலியில் இருந்தாள். அவள் பிடி இறுகும்போது கோடு மூடிக்கொண்டது, தளரும்போது திறந்தது. அவர் எதிரே அமர்ந்தார்.

"மொதல்ல ஈரம் போகணும்" என்று தொடங்கினார். "அதுவும் நிழல்லதான் போகணும். வெயில்ல வச்சா முனை முந்திக் காஞ்சுடும், அங்கேர்ந்துதான் பொட்டும்..."

அவள் மழையைக் கேட்கும் அதே கவனத்தோடு, அவர் உதடுகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மெழுகு பூசியதைச் சொல்லி முடித்து, நூல் சுற்றியதற்கு வந்தார்.